பிஞ்சும் செங்காயும்

பரங்கிக்காய் என்றதும் கடையில் கீற்றுப் போட்டு வைத்திருக்கும் மஞ்சள் பழம்தான் எல்லோருக்கும் நினைவுக்கு வருகிறது. அது கொடியின் கடைசிக் கட்டம். அதற்கு முன்னால் ஒரு மாதத்துக்கு மேல் அந்தக் காய் பச்சையாகக் கிடக்கிறது. அந்த ஒரு மாதத்தில் அது இரண்டு வேறு காய்களாக இருந்துவிட்டுத்தான் பழமாகிறது. மன்னார்குடியில் மெஸ் நடத்துகிற எனக்குப் பழத்தைவிட அந்த இரண்டு பச்சைக் காய்களோடுதான் பழக்கம் அதிகம்.

முதலாவது பிஞ்சு. தஞ்சாவூர்ப் பக்கம் பரங்கிக்கொட்டை என்போம். தோலோடும் விதையோடும் நறுக்கலாம், எதையும் எறிய வேண்டாம். மூன்றாவது எல்லோருக்கும் தெரிந்த பழம். இரண்டுக்கும் நடுவில் இருப்பதுதான் சிக்கலான காய். தோல் தடித்திருக்கும், விதைக்கு ஓடு வந்திருக்கும், சதை வெளிறிக் கிடக்கும், இனிப்பு இருக்காது. எங்கள் அடுப்படியில் அதைச் செங்காய் என்போம். பிஞ்சைப் பற்றிக் கேட்டால் டெல்டாவில் எந்தப் பாட்டியும் சொல்லிவிடுவாள். செங்காயை என்ன செய்வது என்று கேட்டால் பெரும்பாலானவர்கள் “மாட்டுக்குப் போடு” என்கிறார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே அந்தக் காய்க்காகத்தான். ஆனால் பிஞ்சைச் சொல்லாமல் செங்காய்க்குப் போக முடியாது.

மெஸ்ஸைத் தொடங்கியது என் மாமியார். நான் கல்யாணமாகி வந்தபோது அத்தைதான் அடுப்பில் நிற்பார்கள், நான் அருவாமனையில் உட்காருவேன். மெஸ்ஸுக்குப் பின்னால் நீளமான கொல்லை. கிணற்றடி, எருக்குழி, மாடு போன பிறகும் நின்றுகொண்டிருந்த கொட்டகை. கொட்டகையின் ஓட்டுக் கூரைதான் பரங்கிக்கொடியின் வீடு. ஆடிப் பட்டத்தில் ஒரு தடவையும் ஆவணிக் கடைசியில் ஒரு தடவையும் எருக்குழி ஓரத்தில் விதை ஊன்றுவோம். குழிக்கு நாலைந்து விதை. முளைத்து இரண்டு மூன்று இலை விட்டதும் திடமான இரண்டை விட்டுவிட்டு மற்றதைக் கிள்ளி விடுவோம். ஐப்பசி மழையில் தரையில் படர்ந்த கொடியின் காய் சேற்றில் கிடந்து அடிப்பக்கம் அழுகும். அதனால் கொடியைச் சணல் கயிறு பிடித்துக் கூரைக்கு ஏற்றிவிடுவோம். ஓடு காய்ந்த இடம், காற்று வரும், எலியும் எளிதில் போகாது.

முதலில் வருவது எல்லாம் ஆண் பூ. நீளமான மெல்லிய காம்பில் நிமிர்ந்து நிற்கும். பெண் பூவின் காம்பு குட்டை. பூவுக்கு அடியில் கோலிக்குண்டு அளவில் குட்டிக்காய் பிறக்கும்போதே இருக்கும். விடியுமுன் விரிந்த பூ முற்பகலுக்குள் சுருங்கிவிடும். பெண் பூவுக்கு அந்த ஒரு காலைப்பொழுதுதான். தேனீ வந்து மகரந்தம் ஒட்டினால் காய் நிற்கும். ஐப்பசியில் காலை நேரத்தில் அடைமழை பிடித்தால் தேனீ வராது. அடுத்த இரண்டு நாளில் அந்தக் குட்டிக்காய் மஞ்சளாகி வெம்பி விழுந்துவிடும். அப்படிப்பட்ட நாட்களில் அத்தை குடை பிடித்துக்கொண்டு ஏணியில் ஏறிவிடுவார்கள். ஒரு ஆண் பூவைப் பறித்து, இதழைக் கிழித்துவிட்டு, நடுத்தண்டைப் பெண் பூவின் நடுவில் மெதுவாகத் தடவுவார்கள். அதோடு வேலை முடிந்தது. இன்றுவரை மழைக்காலத்தில் நான் செய்வதும் அதுதான்.

மார்கழியில் கோலத்துக்கு நடுவே சாணி உருண்டையில் செருகும் பூவும் இந்தப் பூதான். தெருப் பிள்ளைகள் இருட்டோடு வந்து, “ஆயா, பூ” என்று வாசலில் நிற்கும். ஆண் பூவை மட்டும் பறிக்கலாம் என்பது எங்கள் கொல்லையின் சட்டம். எது ஆண் பூ என்று அத்தையே பிள்ளைகளுக்குக் காம்பைப் பிடித்துக் காட்டிக் கொடுப்பார்கள். ஒரு கொடியில் பெண் பூவைவிட ஆண் பூ பல மடங்கு வரும், தெருவுக்கே கொடுத்தாலும் காய்க்குக் குறைவில்லை. வயலில் பயிரிடுகிறவர்களுக்குப் பெண் பூவைக் கூட்ட எத்ரல் மருந்தை 250 பிபிஎம் அளவில், விதைத்த பத்துப் பதினைந்தாம் நாளிலிருந்து வாரம் ஒரு முறை தெளிக்கச் சொல்கிறது வேளாண் பல்கலைக்கழகம். விற்பனைக்குப் போடுகிறவர்களுக்கு அது சரி. கொல்லையில் கோலத்துக்கும் பூ வேண்டும், கூட்டுக்கும் காய் வேண்டும் என்கிற வீட்டுக்குக் கொடி அதன் போக்கில் பூப்பதே போதும்.

பூ மூடிய ஒரு வாரத்திலிருந்து பத்து நாளுக்குள் பிஞ்சு பறிக்கிற பதத்துக்கு வந்துவிடும். அளவை நம்பக் கூடாது. ஒரு கொடியில் தேங்காய் அளவிலும் பிஞ்சாக இருக்கும், இன்னொரு கொடியில் மாங்காய் அளவிலேயே முற்றத் தொடங்கிவிடும். நகத்தைத்தான் நம்ப வேண்டும். காம்பை ஒட்டிய தோளில் கட்டைவிரல் நகத்தை வைத்தால், அழுத்தாமலே இறங்கினால் பிஞ்சு. அழுத்திய பிறகு இறங்கினால் செங்காய்க்குப் போய்க்கொண்டிருக்கிறது. நகம் வழுக்கினால் அது பழமாகட்டும் என்று விட்டுவிட வேண்டும். காம்பும் சொல்லும். பிஞ்சின் காம்பு பச்சையாக, நீர் கோத்து, லேசான சுனையோடு இருக்கும். முற்ற முற்றக் காம்பு மரத்துப்போய் வரிவரியாக வெளுக்கும். பறிப்பது என்று சொல்கிறேனே தவிர, இழுத்துப் பறிக்கக் கூடாது. கத்தியால் காம்போடு நறுக்கி எடுக்க வேண்டும். இழுத்தால் கொடியின் கணு பிளந்து அந்த இடத்தில் மழைத்தண்ணீர் இறங்கும்.

பிஞ்சைப் பறிக்கப் பறிக்கக் கொடி மேலும் காய்க்கும். இதைப் புதிதாகத் தோட்டம் போடுகிறவர்கள் நம்ப மறுக்கிறார்கள். கொடியில் இரண்டு காய் முற்றத் தொடங்கிவிட்டால் கொடியின் சத்தெல்லாம் அந்த இரண்டுக்கே போகும், பிறகு வரும் பெண் பூக்களில் பெரும்பாலானவை வெம்பிவிடும். பிஞ்சிலேயே எடுத்துவிட்டால் அந்தத் தடை இல்லை. பூச்சித் தொல்லை குறையவும் இது நல்லது. பழ ஈ இளந்தோலில் துளையிட்டு முட்டை வைக்கிறது. துளையிட்ட இடத்தில் ஒரு சொட்டுப் பிசின் நிற்கும், உள்ளே புழு நெளியும், காய் கோணி அழுகும். காய் கொடியில் எத்தனை நாள் கூடுதலாகக் கிடக்கிறதோ அத்தனை நாள் ஈக்கு வாய்ப்பு. பழமாக வேண்டும் என்று விடுகிற காய்க்கு மட்டும் நாங்கள் பூ உதிர்ந்த உடனே பழைய வேட்டித் துணியில் பை தைத்துக் கட்டிவிடுவோம். மற்றதற்குப் பையும் வேண்டாம், மருந்தும் வேண்டாம், சமையலுக்குப் போய்விடும்.

இவ்வளவு நல்ல காய் ஏன் கடையில் கிடைப்பதில்லை? பொங்கல் வாரத்தில் எங்கள் ஊர்க் கடைத்தெருவில் கொஞ்சம் பார்க்கலாம். மற்ற நாளில் கமிஷன் மண்டிக்காரர்கள் இதைத் தொட மாட்டார்கள். தோல் அவ்வளவு மென்மை. சாக்கில் போட்டு லாரியில் ஏற்றினால் உரசிய இடமெல்லாம் கறுத்துவிடும். பறித்த மூன்றாம் நாள் காம்புப் பக்கம் சுருங்கும். முற்றிய பரங்கியோ காற்றோட்டமான பரணில் மாதக்கணக்கில் கிடக்கும், பெங்களூர் வரை போய் வரும். அதனால் பிஞ்சு என்பது கொல்லை உள்ளவர்களும், கொல்லை உள்ளவர்களைத் தெரிந்தவர்களும் சாப்பிடுகிற காய். எங்கள் மெஸ்ஸில் பால் கூட்டு சாப்பிடுகிறவர்களில் பாதிப் பேர் வாடகை வீட்டில் இருப்பவர்கள். வங்கியில் வேலை பார்க்கிறவர்கள், மருந்துக் கம்பெனிப் பிரதிநிதிகள், கல்லூரிப் பையன்கள். அவர்களுக்கு இது கிடைக்கிற இடம் இந்த இலை ஒன்றுதான் என்கிற நினைப்பு எனக்கு எப்போதும் உண்டு.

நறுக்கும்போது ஒன்று கவனிக்க வேண்டும். பிஞ்சைக் குறுக்கே வெட்டியதும் சதைக்கும் தோலுக்கும் நடுவில் உள்ள வளையத்தில் வரிசையாகத் துளித்துளியாக நீர் அரும்பி நிற்கும். முதலில் கண்ணாடி மாதிரித் தெளிவாக இருக்கும். கொஞ்ச நேரத்தில் கெட்டியாகிப் பிசினாகும். அந்தப் பிசின் விரலில் காய்ந்தால் தோல் மேல் இன்னொரு தோல் போர்த்தியதுபோல் இழுத்துப் பிடிக்கும். சோப்புக்குப் போகாது. நறுக்குவதற்கு முன்னால் உள்ளங்கையில் நல்லெண்ணெய் தடவிக்கொண்டால் ஒட்டாது. துளி அரும்பினால் காய் அன்றைக்குப் பறித்தது என்று அர்த்தம். கடையில் வாங்குகிறவர்கள் காம்பு நுனியை நகத்தால் கிள்ளிப் பார்த்தாலே இது தெரியும்.

நறுக்கியதும் ஒரு சிறு துண்டைப் பச்சையாக நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத் துப்ப வேண்டும். இதை நான் எந்தக் காயிலும் விடுவதில்லை, உதவிக்கு வரும் பெண்களையும் விட விடுவதில்லை. சுரை, பீர்க்கு, வெள்ளரி, பரங்கி எல்லாம் ஒரே குடும்பம். இந்தக் குடும்பத்துக்குக் குக்குர்பிட்டாசின் என்கிற கசப்புப் பொருளைச் சுரக்கும் குணம் உண்டு. மனிதர்கள் தலைமுறை தலைமுறையாகக் கசக்காத விதையாகப் பார்த்து எடுத்து அதைக் குறைத்திருக்கிறார்கள். எப்போதாவது ஒரு கொடியில், அதுவும் எங்கிருந்தோ வந்து குப்பையில் தானாக முளைத்த கொடியில், அந்தக் கசப்பு திரும்பி வரும். வேகவைத்தாலும் போகாது. வாந்தி, வயிற்றுப்போக்கு, அதற்கு மேலும் கொண்டுபோய்விடும். கசந்த சுரைக்காய்ச் சாறு குடித்து நம் நாட்டிலேயே உயிரிழந்தவர்கள் உண்டு. 2015-ல் ஜெர்மனியில் வீட்டுத் தோட்டத்தில் விளைந்த கசப்பான சீமைச் சுரைக்காயைச் சாப்பிட்ட முதியவர் ஒருவர் இறந்துபோனார். வெல்லம் போட்டுக் கசப்பை மறைக்கலாம் என்று நினைக்கவே கூடாது. கசந்தால் அந்தக் காயைக் கொட்டிவிட்டுக் கொடியையும் பிடுங்கிவிட வேண்டும். பக்கத்தில் பாகற்கொடி இருந்ததால் கசந்தது என்பார்கள். பாகலும் பரங்கியும் ஒன்றோடொன்று கலக்காது, கொடியின் பிறவியில்தான் அந்தக் கசப்பு இருக்கிறது.

இனிப் பால் கூட்டு.

ஒரு கிலோ பிஞ்சுக்குக் கால் லிட்டர் காய்ச்சி ஆறிய பால், இரண்டு தேக்கரண்டி பச்சரிசி மாவு, ஒரு கைப்பிடி பொடித்த வெல்லம். காயை விரல் கனத்துக்குச் சதுரமாக நறுக்க வேண்டும். தோலும் வேண்டும், நடுவில் உள்ள வழவழப்பும் இளவிதையும் வேண்டும். அந்த வழவழப்புதான் கூட்டுக்குச் சேர்மானம் தருகிறது, அதை வழித்து எறிந்தவர்கள் கூட்டு நீர்த்துவிட்டது என்பார்கள். அடி கனமான உருளியில் காயைப் போட்டு, கை நனைத்துத் தெளிக்கிற அளவு மட்டும் தண்ணீர், கிள்ளுகிற அளவு உப்பு. மூடி போட்டுச் சிறுதீ. காய் தன் தண்ணீரைத் தானே விடும். மூடியைத் திறந்தால் ஆவி முகத்தில் அடிக்கும்போது வெள்ளரிக்காயும் பச்சைப் புல்லும் கலந்த ஒரு வாசம் வரும். அந்த வாசம் அடங்கிக் காய் கண்ணாடிபோல் தெளிந்தால் வெந்துவிட்டது. பத்து நிமிஷத்துக்கு மேல் ஆகாது. முற்றிய பரங்கி குழையும், பிஞ்சு குழையாது. கரண்டியால் அழுத்தினால் வழுக்கிக்கொண்டு போகும். அதுதான் பதம்.

அரிசி மாவைக் குளிர்ந்த பாலில் கட்டியில்லாமல் கரைத்து ஊற்ற வேண்டும். சூடான பாலில் மாவு போட்டால் கட்டி தட்டும். சிறுதீயிலேயே கிளறிக்கொண்டிருந்தால் பால் கெட்டியாகிக் காயைச் சுற்றிப் பிடித்துக்கொள்ளும். மாவு வெந்த பாலுக்குத் திரியும் குணம் குறைவு. ஆனாலும் வெல்லத்தை அடுப்பில் இருக்கும்போது போடக் கூடாது. வெல்லத்தில் கொஞ்சம் புளிப்பு உண்டு, கொதிக்கிற பாலில் விழுந்தால் திரித்துவிடும். வெல்லத்தைத் தனியாகக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்து வடிகட்டி ஒரு கொதி விட்டு வைத்துக்கொண்டு, கூட்டை இறக்கி, கை பொறுக்கிற சூட்டுக்கு வந்த பிறகு ஊற்றிக் கலக்க வேண்டும். தேங்காய் எண்ணெயில் கடுகு, உளுத்தம்பருப்பு, கிள்ளிய மிளகாய் வற்றல், கறிவேப்பிலை. உளுத்தம்பருப்பு பொன்னிறத்துக்கு வரும்வரை நிதானமாக நிற்க வேண்டும், இந்தக் கூட்டில் பல்லுக்குக் கடிபடுவது அது ஒன்றுதான்.

புதிதாக வருகிறவர்கள் இனிப்பா காரமா என்று தெரியாமல் முதல் வாயில் திகைப்பார்கள். அத்தை பந்தியில் நின்று, “சாதத்துல பெசைஞ்சுக்காதீங்க தம்பி. காரக்குழம்பு சாதம் ஒரு வாய், இது ஒரு வாய்னு சாப்பிடுங்க” என்று சொல்லிக்கொண்டே போவார்கள். பால் கூட்டைத் தனியாக எடைபோட்டால் அதன் அருமை தெரியாது. அதற்குப் பக்கத்தில் மிளகும் புளியும் தூக்கலாக ஒரு வற்றல் குழம்பு இருந்தே ஆக வேண்டும். அதனால்தான் எங்கள் மெஸ்ஸில் பால் கூட்டு நாளில் சாம்பார் கிடையாது.

பிஞ்சில் வேறு வகைகளும் உண்டு. தோலைத் தடிமனாகச் சீவ நேர்ந்தால் உளுத்தம்பருப்பும் மிளகாயும் வறுத்து, துளி புளி வைத்துத் துவையல். பொரியல் என்றால் அடுப்பு தணலாக எரிய வேண்டும், காய் தண்ணீர் விடுவதற்குள் வதங்கிவிட வேண்டும். திருவாதிரைக் களிக்குத் தொட்டுக்கொள்ளும் குழம்பிலும் பொங்கல் குழம்பிலும் மொச்சை, அவரை, சர்க்கரைவள்ளியோடு பரங்கி சேர்ந்தால்தான் கணக்கு. அங்கே ஒரு விஷயம். புளித்தண்ணீரில் காய் சீக்கிரம் வேகாது. பிஞ்சை நேராகப் புளியில் போட்டால் வெளியே தளர்ந்தும் உள்ளே நறுக்கென்றும் நிற்கும். வெறும் தண்ணீரில் முக்கால் வேக்காடு வைத்துவிட்டு, பிறகு புளி ஊற்ற வேண்டும்.

செங்காய்க்கு வருகிறேன். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்தது. எங்கள் ஊருக்கு அது எப்படி வந்தது என்று டெல்டாக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. விடிந்து பார்த்தபோது தெருவில் நிற்கிற தென்னையை எண்ணிவிடலாம். கொட்டகைக் கூரையில் பாதி ஓடு இல்லை. ஆடியில் ஊன்றிய பரங்கிக்கொடி முழுக்க நல்ல காய்ப்பில் இருந்தது, ஆவணிக்கொடி பூக்கத் தொடங்கியிருந்தது. இரண்டும் வேரோடு பிய்ந்து கொல்லையில் சுருண்டு கிடந்தன. கொடி போனால் அதில் உள்ள காய் இனி முற்றாது. முக்கால் பங்கு முற்றிய காய் பறித்த பிறகு மெல்ல மஞ்சளாகும், அரைப் பங்கு மட்டும் வளர்ந்தது சுருங்கி அழுகத்தான் செய்யும். கூடை கூடையாகப் பொறுக்கிக் கூடத்தில் பரப்பினோம். பிஞ்சு கொஞ்சம். பழம் ஒன்றுகூட இல்லை. மற்றதெல்லாம் இரண்டும்கெட்டான் செங்காய்.

கரண்ட் இல்லை, அது வர வாரக்கணக்கில் ஆனது. மிக்ஸி ஓடாது, பால் வண்டி வராது, காய்கறி லாரி ஊருக்குள் நுழைய வழியில்லை. மெஸ் அடைத்திருந்தாலும் தெருவில் கூரை போன வீடுகள் இருந்தன, அடுப்பு எரிய வேண்டியிருந்தது. விழுந்த மரங்கள் விறகாகின. அரிசியும் பருப்பும் கடையில் இருந்ததை எல்லோரும் பகிர்ந்துகொண்டோம். காய் என்று எங்களிடம் இருந்தது கூடத்தில் பரப்பிய இந்தச் செங்காய்தான்.

அத்தைக்கு அப்போது முட்டிவலி, அடுப்பில் நிற்பதில்லை. நாற்காலியைக் கூடத்தில் போட்டு உட்கார்ந்துகொண்டு ஒவ்வொரு காயாகக் கையில் வாங்கி நகம் வைத்துப் பிரித்தார்கள். “இத இன்னிக்கே ஆக்கு. இது நாலு நாள் தாங்கும். இந்தக் காம்பு மரத்துருச்சு பாரு, இத எடுத்து வெயில் படாத எடத்துல வையி, பழுக்கும்” என்று மூன்று குவியல். பிறகு என்னிடம், “ஏண்டி, இதுல இனிப்பு இருக்காது. தோல சீவிடு, கொட்டைய வழிச்சுடு, துருவு. துண்டு போட்டா யாரும் திங்க மாட்டாங்க” என்றார்கள்.

‘துருவு’ என்கிற அந்த ஒரு வார்த்தையில் முழு வித்தையும் இருக்கிறது. பரங்கியில் மாவுச்சத்து முற்ற முற்றச் சேர்வது. பறித்து வைத்த பிறகு அந்த மாவு சர்க்கரையாக மாறுவதால்தான் பரணில் கிடந்த பழம் இனிக்கிறது. மஞ்சள் நிறமும் கடைசியில் ஏறுவதுதான். செங்காயில் இரண்டும் இன்னும் வரவில்லை, பிஞ்சின் வழவழப்போ போய்விட்டது. விதை ஓடு கட்டியிருக்கும், உள்ளே பருப்புக்கூட நிரம்பியிருக்காது. துண்டாகப் போட்டு வேகவைத்தால் வெந்தும் வேகாததுபோல், நாரும் நீருமாக, உப்பு உள்ளே இறங்காமல் இருக்கும். துருவினால் கதை வேறு. துருவலில் உப்புப் பிசிறிக் கால் மணி நேரம் வைத்தால் காயின் எடையில் கணிசமான பங்கு தண்ணீராக இறங்கிவிடும். அந்தத் தண்ணீரில் காயின் மணம் முழுக்க இருக்கிறது, கொட்டக் கூடாது, ரசத்துக்கு ஊற்றலாம். பிழிந்த துருவல் எண்ணெயையும் மிளகாயையும் அப்படி இழுத்துக்கொள்ளும்.

முதல் நாள் அதைச் சின்ன வெங்காயமும் சோம்பும் தாளித்து, காந்துகிற பதம் வரை வறுத்துப் பொரியலாக்கினோம். அடுத்த நாள் அம்மியில் கடலைப்பருப்பும் மிளகாயும் பெருபெருவென்று அரைத்து, துருவலைச் சேர்த்து அடை. மாவில் தண்ணீரே ஊற்றவில்லை, காயின் ஈரம் போதுமானதாக இருந்தது. எங்கள் தெருப் பிள்ளைகள் அதை என்ன காய் என்று கேட்காமலே சாப்பிட்டார்கள். துண்டாகவே வேண்டும் என்றால் அதற்கு ஒரே இடம் மோர்க்குழம்பு. மெல்லிய பத்தையாக நறுக்கி, முதலில் வெறும் தண்ணீரில் நன்றாக வேகவைத்து, பிறகு அரைத்த தேங்காயும் புளித்த மோரும். சாம்பல் பூசணி செய்கிற வேலையைச் செங்காய் அதைவிடத் திடமாகச் செய்யும், கரையாது. பாசிப்பருப்புக் கூட்டும் பொருந்தும், ஆனால் மிளகும் சீரகமும் கூடுதலாக வேண்டும், பருப்பு காய்க்குச் சமமாக வேண்டும்.

கரண்ட் வந்து மெஸ் திறந்த பிறகும் அந்த அடையை விடவில்லை. இப்போது மாலைச் சிற்றுண்டியில் வாரம் ஒரு நாள் உண்டு. புயலால் வந்த பண்டம் என்று அதைத் தள்ளிவைக்க எனக்கு மனம் வரவில்லை. கொடியில் பிஞ்சுப் பருவம் தவறிய காய் எல்லா வருஷமும் இருக்கத்தான் செய்யும். இலை மறைவில் கண்ணில் படாமல் வளர்ந்தது, ஊருக்குப் போய்த் திரும்புவதற்குள் பெருத்தது, கொடி வாடும்போது கடைசியில் தொங்குவது. தை வெயில் வந்துவிட்டால் இன்னொரு வழியும் இருக்கிறது. மெல்லிய வில்லையாகச் சீவி, உப்புப் போட்ட கெட்டி மோரில் ஊறவைத்து, நாலைந்து வெயில் காயவைத்தால் வற்றல். எண்ணெயில் போட்டதும் பொரிந்துவிடும், கண் அசந்தால் கருகும்.

எங்களிடம் வழக்கமாகச் சாப்பிடும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் மகன் கொரியாவில் வேலை பார்க்கிறார். விடுமுறைக்கு வந்தபோது கொல்லையைப் பார்த்துவிட்டு, “அக்கா, அங்க இத பிஞ்சுலயே பிளாஸ்டிக் உறை போட்டு வளத்து விக்கிறாங்க. சூப்பு, பணியாரம், எல்லாத்துலயும் இதுதான்” என்றார். ஏஹோபாக் என்று பெயராம். நம் பரங்கியின் அதே இனம், அமெரிக்கக் கண்டத்தில் பிறந்து உலகம் சுற்றியது. இத்தாலியிலும் இதே இனத்தில் கழுத்து நீண்ட ஒரு வகையைப் பிஞ்சிலேயே பறித்துச் சமைக்கிறார்கள். ஒரு காயை எந்தப் பருவத்தில் சாப்பிடுவது என்பதை ஒவ்வொரு ஊரும் தானாகக் கண்டுபிடித்திருக்கிறது என்று கேட்டபோது எனக்கு மனசு நிறைந்தது. கொரியாவில் உறைபோட்டு லாரி ஏற்ற முடிகிறது என்றால் நம் மண்டிகளிலும் அது முடியும். யாராவது இளைஞர்கள் முயன்றால் பரங்கிக்கொட்டை கொல்லையில்லாதவர்களின் இலைக்கும் போய்ச்சேரும்.

கொல்லையில் போட நினைப்பவர்களுக்கு விதையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கடையில் கோ 2 விதை கிடைக்கும். ஒன்றரை, இரண்டு கிலோ அளவில் காய்க்கும் சின்ன இனம், மொட்டை மாடித் தொட்டிக்கும் ஒத்துவரும். கோ 1 பெரிய காய், கூரையோ தரையோ நிறைய இடம் வேண்டும். நாங்கள் போடுவது அத்தையின் பிறந்த வீட்டிலிருந்து வந்த நாட்டு விதை. அதைக் காப்பாற்ற வருஷம் ஒரு காயைப் பழமாக விட்டே ஆக வேண்டும். முதல் சுற்றில் வந்த காயை விடுவதில்லை. கொடி திடமான பிறகு, நடுக்கொடியில் கையால் மகரந்தம் தடவி நின்ற நல்ல உருவமான காயாகப் பார்த்துத் துணிப்பை கட்டிவிடுவோம். பூ விரியும் முந்தின மாலையே அந்தப் பெண் பூவின் வாயையும் அதே கொடியின் ஓர் ஆண் பூவின் வாயையும் நூலால் கட்டிவிட வேண்டும். காலையில் அவிழ்த்து, தடவி, மறுபடி கட்டிவிட்டால் பக்கத்து வீட்டுப் பரங்கியின் மகரந்தம் கலக்காது. காம்பு முழுக்க மரமாகிக் காய்ந்த பிறகு அறுத்து, மேலும் ஒரு மாதம் பரணில் வைத்துத்தான் உடைப்போம். அந்த ஒரு மாதத்தில் உள்ளே விதை இன்னும் நிரம்பும். விதையைக் கழுவி, நிழலில் உலர்த்தி, அடுப்புச் சாம்பல் பிசிறி மண் கலயத்தில் போட்டு வாயைத் துணியால் கட்டி வைக்கிறோம். கேட்டு வருகிறவர்களுக்குக் காகிதத்தில் மடித்து ஏழெட்டு விதை கொடுப்பேன், காசு வாங்குவதில்லை. பிஞ்சில் ஒன்றையாவது பறித்துப் பால் கூட்டு செய்து பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்வேன்.